பந்தோட சத்தத்தைத் துரத்துற உடம்பு: பார்வையற்ற ராக்கெட் வீரர்களோட உடல்கட்டு பத்தி ஒரு எளிய அறிமுகம்

பார்வையற்றோர் டென்னிஸ்ல சர்வ் போடுறவர் "ரெடி"னு கேட்பார், எதிர்ப்பக்கம் நிக்கிறவர் "யெஸ்"னு சொல்வார், அப்புறம் "ப்ளே"ன்னு ஒரு குரல், உடனே பந்து கிளம்பும். அரங்கத்துல ஒருத்தரும் மூச்சு விடுற சத்தம்கூட வராம உக்காந்திருப்பாங்க, ஏன்னா அந்தப் பந்துக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன மணிகள் குலுங்குற சத்தம்தான் எதிராளிக்கு எல்லாமே. அந்தச் சத்தத்தைக் கேட்டு, எந்தப் பக்கம்னு முடிவு பண்ணி, ரெண்டு மூணு அடி பாய்ஞ்சு, குனிஞ்சு, ராக்கெட்டை வீசி அடிக்கிறாங்களே, அந்த உடம்பைப் பத்திதான் இந்தக் கட்டுரை. அந்த உடம்புல கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, அந்தக் கணக்கை எப்படி எடுக்கிறது, எடுத்த கணக்கை எப்படிப் புரிஞ்சுக்கிறது, இதெல்லாம் ஆரம்பத்துலேருந்து பார்ப்போம். உடற்கூறு, விளையாட்டு அறிவியல் எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல.

முதல்ல விளையாட்டுகளைச் சொல்லிடுறேன், ஏன்னா இது தெரியாம உடம்பைப் பத்திப் பேசுனா ஒட்டாது. பார்வையற்றோர் டென்னிஸ் ஜப்பான்ல பிறந்தது, மியோஷி தகேய்ங்கிற பார்வையில்லாத ஒருத்தர் 1984 வாக்குல இதை உருவாக்க ஆரம்பிச்சார், காத்துல பறக்கிற பந்தை நானும் அடிக்கணும்ங்கிற ஆசைதான் காரணம், 1990ல அங்க தேசிய அளவுல முதல் போட்டியே நடந்துச்சு. பந்து ஸ்பாஞ்சுல செஞ்சது, உள்ள சத்தம் போடுற மணிகள் இருக்கும். கோர்ட் வழக்கமான டென்னிஸ் கோர்ட்டை விடச் சின்னது, ராக்கெட்டும் குட்டை, முழுசா பார்வை இல்லாதவங்க ஆடுற கோர்ட்ல கோடுகளுக்கு அடியில கயிறு வச்சு டேப் ஒட்டியிருப்பாங்க, காலால தடவிப் பார்த்து எங்க நிக்கிறோம்னு தெரிஞ்சுக்கலாம். அவங்களுக்குப் பந்து 3 தடவை தரையில குதிக்கிற வரைக்கும் அடிக்க அனுமதி உண்டு, ஓரளவு பார்வை இருக்கிற பிரிவுகளுக்குப் போகப்போக அந்த எண்ணிக்கை குறையும்.

இன்னொண்ணு ஷோடவுன். கனடாக்காரர் ஜோ லூயிஸ், அவரும் முழுசா பார்வையில்லாதவர், அவர் கண்டுபிடிச்ச ஆட்டம் இது. 1980ல நெதர்லாந்தோட ஆர்னம் நகரத்துல நடந்த பாராலிம்பிக்ஸ்ல பொழுதுபோக்கு ஆட்டமா அறிமுகமாச்சு. சுமார் 3.66 மீட்டர் நீளம், 1.22 மீட்டர் அகலத்துல சுத்தியும் விளிம்பு வச்ச மேஜை, நடுவுல குறுக்கே ஒரு தடுப்பு, தடுப்புக்கு அடியில பந்து உருண்டு போகணும், ரெண்டு முனையிலயும் கோல் குழி. மரத்துடுப்பு மாதிரி ஒரு பேட், அடிபடாம இருக்க ஒரு கையுறை. கோல் போட்டா 2 பாயிண்ட், 11 பாயிண்டை எட்டி 2 பாயிண்டாவது முன்னாடி இருந்தா செட் முடிஞ்சுது. எல்லாருமே கண்ணை மூடுற ஐஷேட் போட்டுக்கணும், அதனால பார்வை கொஞ்சம் இருக்கிறவரும் சுத்தமா இல்லாதவரும் ஒரே மேஜையில சமமா நிப்பாங்க. ஜப்பான்ல பந்து வலைக்கு அடியில உருண்டு போற சவுண்ட் டேபிள் டென்னிஸும் ஆடுறாங்க.

இந்த ரெண்டு ஆட்டமுமே இன்னைக்கு வரைக்கும் பாராலிம்பிக்ஸ் பதக்கப் பட்டியல்ல இல்ல. அங்க இருக்கிற டென்னிஸ் சக்கர நாற்காலிக்காரங்களுக்கு, டேபிள் டென்னிஸ்லயும் பேட்மின்டன்லயும் பார்வைக் குறைபாட்டுக்குன்னு தனிப் பிரிவு கிடையாது. இதை ஏன் சொல்றேன்னா, பதக்கம் இல்லாத இடத்துக்குப் பணமும் ஆளும் வர்றது கம்மி, அதனால இந்த வீரர்கள்ல நிறைய பேருக்கு உடல்தகுதிக் கோச்சோ ஊட்டச்சத்து நிபுணரோ கிடைக்கிறதே இல்ல, தன் உடம்பைத் தானே புரிஞ்சுக்க வேண்டிய நிலைமை. அதுக்கு உதவட்டும்னுதான் இவ்வளவு விரிவா எழுதுறேன்.

பிரிவுகள் பத்தியும் ஒரு வார்த்தை. பி1னா பார்வை இல்ல, இல்லன்னா வெளிச்சம் மட்டும் தெரியுற அளவு. பி2னா ரொம்பக் குறைஞ்ச பார்வை, இல்லன்னா பார்வைப் பரப்பு 10 டிகிரிக்கும் கம்மி, அதாவது ஒரு குழாய் வழியா பார்க்கிற மாதிரி. பி3 அதைவிடக் கொஞ்சம் பரவாயில்ல, பரப்புக் கணக்குல 40 டிகிரிக்குக் கீழ. டென்னிஸ்ல பி4ன்னு இன்னொரு பிரிவும் வச்சிருக்காங்க. இதைப் பின்னாடி திரும்பவும் எடுப்பேன், மறந்துடாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பாடி காம்போசிஷன்னா என்ன? ரொம்ப சிம்பிள், உங்க மொத்த எடை எது எதால ஆனதுங்கிற கணக்கு. ரெண்டே பங்கா பிரிச்சா கொழுப்பு ஒரு பங்கு, கொழுப்பு இல்லாத மீதி எல்லாம் இன்னொரு பங்கு, அந்த மீதியில தசை, எலும்பு, உறுப்புகள், தண்ணி எல்லாம் அடக்கம். ஆரம்பத்துக்கு இந்த ரெண்டு பங்குக் கணக்கே போதும். கொழுப்புன்னா உடனே கெட்டதுன்னு நினைக்க வேணாம், உயிர் வாழவே ஆணுக்கு சுமார் 3 சதவீதமும் பெண்ணுக்கு சுமார் 12 சதவீதமும் கட்டாயம் வேணும், அதுக்குக் கீழ போனா உடம்பு ஒவ்வொண்ணா ஸ்விட்ச் ஆஃப் பண்ண ஆரம்பிச்சுடும், பெண்களுக்கு மாதவிடாய் நின்னு போறது அதுல முதல் எச்சரிக்கை.

பிஎம்ஐ எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. எடையை கிலோவுல எடுத்து, உயரத்தை மீட்டர்ல எடுத்து ரெண்டு தடவை வகுத்தா வர்றது. 18.5லேருந்து 25 வரைக்கும் சரியான எடைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 30ஐத் தொட்டா உடல்பருமன். ஒரு பெரிய ஜனத்தொகையை மொத்தமா பார்க்க இது உபயோகமான நம்பர்தான், ஆனா ஒரு வீரரை எடைபோட இதை மட்டும் நம்புறது தப்பு, அதை ஒரு உதாரணத்துல காட்டுறேன்.

ரெண்டு பேரை மனசுல நினைச்சுக்கோங்க. ரெண்டு பேரும் 172 செ.மீ., ரெண்டு பேரும் 74 கிலோ, பிஎம்ஐ சரியா 25. முதல் ஆளுக்குக் கொழுப்பு 14 சதவீதம், அதாவது 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல, மீதி 63.6 கிலோ. ரெண்டாவது ஆளுக்கு 28 சதவீதம், கிட்டத்தட்ட 20.7 கிலோ கொழுப்பு, மீதி 53.3 கிலோதான். எடை மெஷினுக்கு ரெண்டு பேரும் ஒண்ணு. ஆனா கோர்ட்ல "ப்ளே" சத்தம் கேட்டு முதல் அடி எடுத்து வைக்கும்போது முதல் ஆள் 63 கிலோ இன்ஜினோட 10 கிலோ சுமையை இழுக்கிறார், ரெண்டாவது ஆள் 53 கிலோ இன்ஜினோட 20 கிலோவை இழுக்கிறார். வித்தியாசம் அங்கதான் தெரியும். (இன்ஜின்னு சொன்னது ஒரு பேச்சுக்கு, அந்த 63 கிலோவும் தசை கிடையாது, எலும்பும் தண்ணியும் சேர்த்துத்தான்.)

பிசிக் அல்லது உடல்கட்டுங்கிறது இதுக்குப் பக்கத்து விஷயம், ஆனா அதே விஷயம் இல்ல. அது உருவத்தைப் பத்தினது. ஷெல்டன்னு ஒரு அமெரிக்கர் 1940கள்ல உருவங்களை மூணு குணமா பிரிச்சார், அவர் அதை மனுஷனோட சுபாவத்தோட முடிச்சுப் போட்டது தப்புன்னு தள்ளிட்டாங்க, ஆனா அந்த மூணு குணத்தை அளவெடுக்கிற முறையா ஹீத், கார்ட்டர்னு ரெண்டு பேர் 1967ல திருத்தி எழுதினாங்க, அதைத்தான் இன்னைக்கும் பயன்படுத்துறாங்க. எண்டோமார்ஃபினா உருண்டை, கொழுப்புத் தன்மை. மீசோமார்ஃபினா தசையும் எலும்பும் தடிச்ச தன்மை. எக்டோமார்ஃபினா ஒல்லியா நெட்டையா இருக்கிற தன்மை. ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணுமே இருக்கும், அளவுதான் மாறும், அதனால 3-5-2னு மூணு நம்பரா சொல்வாங்க, இதுல நடு நம்பர் பெருசா இருக்கிறதால தசைக்கட்டு தூக்கலா இருக்கிற ஆள்னு அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க உயரம், எடை, 4 இடத்துல தோல்மடிப்பு (தோலைக் கொழுப்போட கிள்ளிப் பிடிச்சு அளக்கிற தடிமன்), முழங்கையிலயும் முழங்கால்லயும் எலும்போட அகலம், மேல்கை சுத்தளவு, கெண்டைக்கால் சுத்தளவுன்னு மொத்தம் 10 அளவு போதும். விலை கூடின மெஷின் ஒண்ணும் வேண்டியதில்ல.

சரி, பார்வை இல்லாததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இங்கதான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. பார்வையில்லாதவங்ககிட்ட சராசரியா உடல் உழைப்பு கம்மியாவும் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாவும் இருக்குன்னு பல நாட்டு ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வருது, அதைப் படிச்சுட்டு கண்ணு போனா உடம்பு பெருக்கும்னு நினைச்சுடுறாங்க. கண்ணுக்கும் கொழுப்புக்கும் நேரடியா ஒரு கம்பியும் போகல, நடுவுல அசைவுன்னு ஒண்ணு நிக்குது. ஒரு குழந்தைக்குப் பார்வை இல்லன்னா விழுந்துடும்னு பயந்து ஓட விடுறதில்ல, மத்த பசங்க மைதானத்துல இருக்கும்போது இது ஓரமா உக்காந்திருக்கும், உடற்பயிற்சி வகுப்புல "நீ ரெஸ்ட் எடு"ன்னு விட்டுடுவாங்க. இப்படிப் 10, 15 வருஷம் போனா எந்த உடம்பா இருந்தாலும் அப்படித்தான் ஆகும். இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்குது, ஏன்னா அன்புனாலதான் அப்படிச் செய்றாங்க, ஆனா அந்த அன்பு அந்தக் குழந்தையோட எலும்புலயும் தசையிலயும் பற்றாக்குறையா போய் நிக்குது.

அதோட நடை. வெள்ளைக் கோல் பிடிச்சு நடக்கிறவங்களைக் கவனிச்சா அடி கொஞ்சம் குட்டையா இருக்கும், பாதங்களுக்கு நடுவுல இடைவெளி கூடுதலா இருக்கும், எதுலயாவது இடிப்போமோன்னு உடம்பு இறுக்கமா இருக்கும். இறுக்கமான நடைக்கு சக்தி அதிகமா செலவாகும், ஆனா வேகமா தூரமா போக முடியாததால மொத்தமா ஒரு நாளைக்குப் பார்த்தா செலவு கம்மிதான். பிறவியிலயே பார்வை இல்லாதவங்கள்ல சிலருக்குத் தலை முன்னாடி தொங்கலா இல்ல ஒரு பக்கம் சாஞ்சு இருக்கிற பழக்கமும் வரும், எதிர்ல இருக்கிற முகத்தைப் பார்க்க நிமிரணும்ங்கிற தூண்டுதல் இல்லாததால.

தூக்கம் பத்தி அதிகம் பேர் யோசிக்கிறதே இல்ல. நம்ம மூளைக்குள்ள ஓடுற கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம், தினமும் காலையில கண்ணுல விழுற வெளிச்சம்தான் அதைச் சரி பண்ணிவிடும். வெளிச்சமே உள்ள போகாதவங்களுக்கு அந்தத் திருத்தம் நடக்காது, அதனால தூக்க நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போய்க்கிட்டே இருக்கும், சில வாரம் ராத்திரி நல்லா தூங்குவாங்க, சில வாரம் நடுராத்திரி முழிச்சுக்கிட்டு பகல்ல தள்ளாடுவாங்க, சுத்தமா பார்வை இல்லாதவங்கள்ல பாதிக்கு மேல இந்தப் பிரச்சினை இருக்கு. தூக்கம் கெட்டா பசி கூடும், எடை குறைக்க முயற்சி பண்ணும்போது கொழுப்புக்குப் பதிலா தசை அதிகமா போகும். ஆக ஒரு பி1 வீரர் ஒழுங்கா பயிற்சி பண்ணியும் உடம்பு மாறலைன்னா "சாப்பாட்டுல கன்ட்ரோல் இல்ல"ன்னு திட்டுறதுக்கு முன்னாடி தூக்கம் எப்படின்னு கேளுங்க. இதுக்கு மருத்துவம் இருக்கு, டாக்டர்கிட்ட கேட்கலாம்.

கண் போன காரணமும் உடம்புல எழுதியிருக்கும், இதையும் சேர்த்துப் பார்க்கணும். பார்டெட்-பீடில்ங்கிற மரபணுக் கோளாறுல விழித்திரையும் கெடும், சின்ன வயசுலேருந்தே எடையும் கூடும், அந்த ஆளை மத்தவங்களோட ஒப்பிட்டு சோம்பேறின்னு சொல்றது அநியாயம். மார்ஃபான்ங்கிற இன்னொரு மரபணுக் கோளாறுல தலைகீழ், கண் லென்ஸ் இடம் மாறியிருக்கும், ஆள் நெட்டையா நீளக் கையோட ஒல்லியா இருப்பார், ராக்கெட் ஆட்டத்துக்கு அருமையான கட்டுன்னு தோணும், ஆனா இதயத்துலேருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் பலவீனமா இருக்கலாம், டாக்டர் அனுமதி இல்லாம கடுமையான பயிற்சி கொடுக்கவே கூடாது. சர்க்கரை நோயால பார்வை போனவர், வருஷக்கணக்கா ஸ்டீராய்டு எடுத்தவர், ஒரு விபத்துல 30 வயசுல பார்வை இழந்தவர், இவங்க ஒவ்வொருத்தர் உடம்பும் வேற வேற கதை. 30 வயசு வரைக்கும் பார்த்து ஓடி ஆடினவருக்கு உடம்புல பழைய அசைவுகளோட ஞாபகம் இருக்கும், பிறவியிலேருந்தே பார்க்காதவர் ஃபோர்ஹேண்ட்ங்கிற அடியையே தொட்டுத் தொட்டுத்தான் கத்துக்கிட்டிருப்பார்.

இப்ப கோர்ட்டுக்குப் போவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

சத்தத்துக்கு நாம உடம்பை அசைக்க எடுக்கிற நேரம் வெளிச்சத்துக்கு எடுக்கிறதைவிடக் குறைவு, சத்தத்துக்கு 150 மில்லிசெகண்ட் பக்கம், வெளிச்சத்துக்கு 190 பக்கம். அப்போ இவங்களுக்கு லாபம்தானேன்னு தோணும், ஆனா சிக்கல் வேற இடத்துல இருக்கு. காது இடது வலது வித்தியாசத்தை அபாரமா பிடிக்கும், நேர் முன்னாடி வர்ற சத்தத்துல ஒண்ணு ரெண்டு டிகிரி நகர்ந்தாலே தெரியும். ஆனா எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்ங்கிறதுல காது தடுமாறும். அதனால வீரர் முதல்ல பக்கவாட்டுல கிளம்பிடுவார், பந்து தரையில ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் கிடைக்கிற சத்தத்தை வச்சு தூரத்தையும் உயரத்தையும் திருத்திக்கிட்டே வருவார், கடைசி நொடியில இடுப்பையும் முதுகையும் வளைச்சு அடிப்பார். கிளம்பு, நில்லு, திருத்து, வளை, அடி. இது முழுக்க தொடை, புட்டம், இடுப்பைச் சுத்தியிருக்கிற கோர் தசைகளோட வேலை. கண்ணு இல்லாம பேலன்ஸ் பிடிக்கிறது உள்காதும் பாதமும் மூட்டுகளும் அனுப்புற தகவலை வச்சு மட்டும்தான், அதனால கணுக்காலைச் சுத்தின சின்னத் தசைகளுக்கும் வழக்கமான டென்னிஸ்காரரைவிட வேலை ஜாஸ்தி. கண்ணை மூடிக்கிட்டு ஒத்தைக் கால்ல 20 செகண்ட் நின்னு பாருங்க, நான் சொல்றது உடனே புரியும்.

வழக்கமான டென்னிஸ்ல உயரம் பெரிய சொத்து, மேலேருந்து சர்வை இறக்கலாம். இங்க ஸ்பாஞ்சு பந்து, சின்ன கோர்ட், கீழேருந்து வர்ற பந்தைக் குனிஞ்சு எடுக்கிற ஆட்டம், அதனால உயரத்தோட மதிப்பு குறையுது, தாழ்ந்து நிக்கிற பலத்தோட மதிப்பு ஏறுது. என்னைக் கேட்டா இந்த ஆட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது நெட்டையான ஆளைத் தேடுறதைவிட நல்லா உக்காந்து எழுந்திருக்கிற ஆளைத் தேடுறது மேல்.

ஷோடவுன்ல கதையே வேற. கால் அதிகம் நகராது, ஆனா முழு ஆட்டமும் மேஜை மேல லேசா குனிஞ்ச நிலையிலயே நிக்கணும், முதுகுத் தண்டை ஒட்டின தசைகள் விடாம பிடிச்சிருக்கணும், முன்னங்கையும் மணிக்கட்டும் பேட்டைப் படபடன்னு ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஓட்டம் இல்லாததால கலோரி செலவு டென்னிஸைவிடக் கம்மி, வெறும் ஷோடவுன் மட்டும் ஆடி கொழுப்பைக் குறைக்கலாம்னு எதிர்பார்க்க வேணாம், தனியா கார்டியோ, அதாவது இதயத்துடிப்பை ஏத்துற பயிற்சி வேணும். அதே சமயம் கொஞ்சம் எடை கூடுதலா இருக்கிற ஒருத்தர் ஷோடவுன்ல சாம்பியனா இருக்க முடியும், நீளமான கை, நிதானமான தோள், கூர்மையான காது இருந்தா தொப்பை அந்த மேஜையில பெரிய தடை இல்ல. ஆரோக்கியத்துக்காகக் குறைக்கணும்ங்கிறது தனி விஷயம், ஆட்டத்துக்காகங்கிறது தனி விஷயம். ரெண்டையும் குழப்பி ஒரு வீரரைக் கூச்சப்பட வைக்கிறது எனக்குச் சுத்தமா பிடிக்காது.

ராக்கெட் ஆட்டம் எதுவா இருந்தாலும் ஒரு பக்கம் தடிக்கும். டென்னிஸ்காரங்க அடிக்கிற கையில தசை மட்டும் இல்ல எலும்பே தடிச்சிருக்கும், சின்ன வயசுல ஆரம்பிச்சா இன்னும் அதிகம். பார்வையில்லாத வீரர்கள்ல வெள்ளைக் கோல் பிடிக்கிற கையும் பெரும்பாலும் அதே கைதான்ங்கிறதால ஒரே தோளுக்கு ரெண்டு வேலை. அதனால சுத்தளவு எடுக்கும்போது ரெண்டு கையையும் எடுங்க, கோலை எந்தக் கையில பிடிக்கிறீங்கன்னு கேட்டு எழுதுங்க, வித்தியாசம் கூடிக்கிட்டே போனா மறு பக்கத்துக்கும் பயிற்சி கொடுங்க.

பிரிவுகளை மறக்காதீங்கன்னு சொன்னேன்ல, அது இதுக்குத்தான். பி1 ஆள் சின்ன கோர்ட்ல 3 குதிப்புக்குள்ள ஆடுறார், பி3 ஆள் பெரிய கோர்ட்ல கம்மியான குதிப்புல ஓடி ஆடுறார், கோர்ட்டுக்கு வெளியயும் பி3 ஆள் தனியா ஜாகிங் போக முடியும், பி1 ஆளுக்கு ஒரு துணை ஓட்டக்காரர் வேணும். ஆக பி3க்காரங்க கொஞ்சம் ஒல்லியா இருந்தா அதுல ஆச்சரியம் இல்ல. எல்லாப் பிரிவையும் ஆண் பெண்ணையும் ஒண்ணா கொட்டி ஒரு சராசரி எடுத்து "பார்வையற்ற வீரர்களோட கொழுப்பு இவ்வளவு சதவீதம்"னு யாராவது சொன்னா அந்த நம்பரை வச்சு உங்களை நீங்களே அளக்காதீங்க.

அளக்கிற முறைகள்ல மூணு அடிக்கடி வரும். டெக்ஸான்னு ஒரு ஸ்கேன், ரொம்பக் கம்மியான எக்ஸ்ரேயை வச்சு எலும்பு, கொழுப்பு, மீதின்னு கை கால் வாரியா பிரிச்சுக் காட்டும், நல்ல முறை, ஆனா ஆஸ்பத்திரிக்குப் போகணும், செலவு. பயோ இம்பிடன்ஸ்னா மெஷின் மேல வெறுங்காலோட ஏறி நிக்கிறது, உணர முடியாத அளவு சின்ன மின்சாரம் உடம்பு வழியா போகும், தண்ணி அதிகமா இருக்கிற தசையில சுலபமா ஓடும், கொழுப்புல தடைபடும், அந்தத் தடையை வச்சு மெஷின் ஒரு கணக்கு போடும். சுலபம்தான், ஆனா தண்ணியை வச்சுக் கணக்கு போடுறதால வியர்த்து வழிஞ்சுட்டு வந்து ஏறினா ஒரு நம்பர், ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு ஏறினா இன்னொரு நம்பர். எப்பவும் காலையில, சாப்பிடுறதுக்கு முன்னாடி, பாத்ரூம் போயிட்டு வந்து எடுத்தா ஒப்பிட முடியும். மூணாவது தோல்மடிப்பு, கேலிப்பர்ங்கிற இடுக்கி மாதிரி கருவியால தோலைக் கொழுப்போட சேர்த்துக் கிள்ளிப் பிடிச்சு தடிமன் அளக்கிறது. பழகின கையா இருந்தா நம்பலாம், ஒவ்வொரு தடவையும் அதே ஆள் அளக்கணும்ங்கிறதுதான் நிபந்தனை. அதை சதவீதமா மாத்துற சூத்திரங்கள் பெரும்பாலும் பார்வையுள்ள, விளையாட்டு வீரர் இல்லாத ஜனங்களை அளந்து உருவாக்கினது, அதனால நான் சதவீதமா மாத்தாம மி.மீ. கூட்டுத்தொகையையே வருஷா வருஷம் ஒப்பிடுறதைத்தான் விரும்புவேன்.

பார்வையில்லாதவரை அளக்கும்போது சில விஷயம் மாறும், இதைப் புத்தகத்துல படிச்சு வர்றவங்க கோட்டை விடுவாங்க. உயரம் எடுக்கும்போது "நேரா பாருங்க"ன்னு சொல்லிப் பழகிட்டோம், அவர் எங்க பார்ப்பார்? காது ஓட்டையோட மேல் விளிம்பும் கண்குழியோட கீழ் விளிம்பும் ஒரே மட்டத்துல இருக்கணும், அதுதான் சரியான தலை நிலை, அதை அவர்கிட்ட சொல்லிட்டு, அனுமதி வாங்கி, தாடையை மெதுவா பிடிச்சு நீங்கதான் வைக்கணும். தலை தொங்கின நிலையில எடுத்து 172ங்கிறது 170னு பதிவானா அதே 74 கிலோவுக்கு பிஎம்ஐ 25லேருந்து 25.6க்கு ஏறிடும், எக்டோமார்ஃபி நம்பரும் குறையும், ஒண்ணுமே பண்ணாம ஆளை குண்டாக்கிட்டீங்க. தோல்மடிப்பு எடுக்கும்போது எந்த இடத்தைத் தொடப் போறேன், எத்தனை தடவை, எதுக்குன்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டுத் தொடுங்க. கேலிப்பரை அவர் கையில முதல்ல கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்க. திடீர்னு ஜில்லுனு ஒரு உலோகம் வயித்துல பட்டா யாருமே வயித்தை இழுத்துக்குவாங்க, அளவும் போச்சு, நம்பிக்கையும் போச்சு.

அளவு எடுத்தாச்சு, மாத்தணும்னா? பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150லேருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, அதோட 2 நாள் தசைப் பயிற்சின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்துத்தான், 2020ல வந்த வழிகாட்டியில அதைத் தனியாவே எழுதியிருக்காங்க. இடத்துலயே நின்னு பண்ற சைக்கிள், ரோயிங் மெஷின், ஸ்கிப்பிங், துணையோட கயிறு பிடிச்சு ஓடுறது எல்லாம் இடிக்கிற பயம் இல்லாத கார்டியோ. ஸ்குவாட் (உக்காந்து எழுறது), லஞ்ச் (ஒரு காலை முன்னாடி வச்சு இறங்குறது) மாதிரி பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கும்போது "இப்படிப் பண்ணுங்க"ன்னா பிரயோஜனம் இல்ல, "பின்னாடி ஒரு ஸ்டூல் இருக்கு, அதுல உக்காரப் போற மாதிரி இடுப்பைப் பின்னால தள்ளுங்க"ன்னு வார்த்தையில சொல்லுங்க, தேவைன்னா உங்க முதுகை அவர் தொட்டுப் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். மீதியிருக்கிற பார்வை பொக்கிஷம். கிளாக்கோமாங்கிற கண் அழுத்த நோய் இருக்கிறவங்க மூச்சை அடக்கிக்கிட்டுப் பெரிய வெயிட் தூக்குறது, தலைகீழா நிக்கிறது ரெண்டும் கண் அழுத்தத்தை ஏத்தும். விழித்திரை பிய்ஞ்சுக்கிற ஆபத்து உள்ளவங்க, சர்க்கரையால விழித்திரையில புது ரத்தக்குழாய் முளைச்சவங்களும் கண் டாக்டரைக் கேட்காம கடுமையான வெயிட் பயிற்சியில இறங்க வேணாம். தூக்கும்போது மூச்சை வெளிய விட்டுக்கிட்டே தூக்கப் பழகுறது எல்லாருக்குமே நல்லது.

சாப்பாட்டுல பெருசா ரகசியம் இல்ல. தசை ஏத்தணும்னா ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 1.6 கிராம் புரதம், 74 கிலோ ஆளுக்கு 118 கிராம் பக்கம், அதை மூணு நாலு வேளையா பிரிச்சுக்கலாம். சமைக்க யாரையாவது நம்பியிருக்கிற நிலைமையில பாக்கெட் உணவுக்குப் போறது சுலபமா நடக்கும், அதனால தானே செய்யக்கூடிய ரெண்டு மூணு எளிய புரத உணவைக் கத்துக்கிறது பாதி வேலையை முடிச்சுடும்.

நம்ம ரெண்டாவது ஆளை நினைச்சுப் பாருங்க, 74 கிலோ, 28 சதவீதம். சில மாசம் நல்லா பயிற்சி பண்ணி 24 சதவீதத்துக்கு வந்தார், ஆனா எடை அதே 74. எடை மெஷின்ல மட்டும் ஏறிப் பார்த்தா வீணா போச்சுன்னு மனசு விட்டுடுவார். உண்மையில கிட்டத்தட்ட 3 கிலோ கொழுப்பு போய் அதே அளவு கொழுப்பில்லாத எடை வந்திருக்கு. கண்ணாடியில பார்த்து சந்தோஷப்பட முடியாத ஒருத்தருக்கு இது எப்படித் தெரியும்? சாதாரண பேசுற எடை மெஷின் எடையை மட்டும்தான் பேசும். அதனால ஒரு துணி நாடாவுல இடுப்புச் சுத்தளவுக்கு ஒரு முடிச்சு போட்டு வச்சுக்கச் சொல்லலாம், ஒவ்வொரு மாசமும் அதே இடத்துல சுத்தி முடிச்சு எங்க வருதுன்னு விரலாலயே பார்த்துக்கலாம், தொடைக்கும் மேல்கைக்கும் வேற வேற நாடா. பெல்ட்ல எத்தனையாவது ஓட்டைங்கிறதும் நல்ல கணக்குதான்.

அளவெடுத்து முடிச்சதும் நம்பரை எல்லாம் முதல்ல அந்த வீரருக்கே சத்தமா படிச்சுச் சொல்லுங்க, பக்கத்துல யாரும் இல்லாதப்போ. அப்புறம் அவர் போன்ல திரையை வாசிக்கிற ஆப் படிக்கிற மாதிரி டைப் பண்ணி அனுப்புங்க, பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பினா அந்த ஆப்பால அதைச் சரியா படிக்க முடியாம போகலாம். கோச்சுக்குச் சொல்லலாமா வேணாமான்னு அவர் முடிவு பண்ணட்டும்.